முறத்தில் காயவைத்த குண்டுகள்

அந்த அக்காவின் இடது கண்ணுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கண் போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பெயின்ட்பால் என்ற சொல்லையே வாயில் எடுத்திருக்க மாட்டேன். கண் தப்பியது. அதனால்தான் குண்டுகளைப் பற்றியும் அவற்றின் விலையைப் பற்றியும் என்னால் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். எந்த வேலையிலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் விரட்டியதில்லை, எனக்கே கால் நிற்காது. ஆரியசாலையில் ஒரு மிளகு மொத்தக் கடையில் மூட்டை தூக்கினேன், மிளகு புடைத்தேன். பிறகு ஓர் ஓட்டலில் மாவு ஆட்டினேன். அதற்குப் பிறகு கட்டட வேலை. தங்க இடம் கிடைக்காத நாட்களில், பாதி கட்டிய வீட்டுக்குள்ளேயே சிமென்ட் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வேன். காலையில் வேலைக்கு நடக்க வேண்டியதில்லை என்பது அதில் ஒரு வசதி.

கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் நகரத்துக்கு வடக்கே ஒரு முந்திரித் தோப்பை வாங்கினார். அங்கே கழிப்பறை கட்டப் போன ஆட்களில் நானும் ஒருவன். வேலை முடிந்து எல்லோரும் கிளம்பியபோது நான் மட்டும் வேலியோரம் சிதறிக் கிடந்த பழைய டயர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். எதற்காக என்று எனக்கே தெரியாது. கை சும்மா இருந்தது, அவ்வளவுதான்.

முதலாளி வந்து பார்த்தார். "நீ போயில்லே?" என்று கேட்டார்.

"போகணும் சார். இது கிடக்குதேன்னு பாத்தேன்."

"அப்போ இவிட நில்லு. இதே போல எனிக்கு இருபது இடத்தில் அடுக்கணும்."

அப்படித்தான் அந்த வேலையில் சேர்ந்தேன். அந்த டயர் அடுக்குகள் ஒளிந்துகொண்டு சுடுவதற்கு என்பது ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

பெயின்ட்பால் என்ற விளையாட்டு இதுதான். இரண்டு அணிகள், ஆளுக்கு ஒரு துப்பாக்கி, முகத்துக்குக் கண்ணாடி வைத்த முகமூடி. துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு சிறிய கேஸ் சிலிண்டர் இருக்கும். அந்த வேகத்தில் வண்ணக் குண்டு பறந்து போய் எதிராளி மேல் உடையும். யார் மேல் சாயம் பட்டதோ அவர் வெளியே. குண்டு பெரிய கோலி அளவு இருக்கும். மேலே ஜெலட்டின் தோல், மருந்துக் கடையில் வாங்கும் கேப்சூலின் தோல் போல. உள்ளே தண்ணீரில் கழுவினால் போய்விடும் வண்ணக் குழம்பு. சனி ஞாயிறுகளில் கம்பெனிப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்குவார்கள். வாரம் முழுக்க ஒருவருக்கொருவர் சார் என்றும் மேடம் என்றும் அழைத்தவர்கள் இங்கே வந்து முதுகில் சுட்டுக்கொள்வார்கள். அதில் அவர்களுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் கம்பெனி வேலையும் லேசில்லை என்று தோன்றும்.

என் வேலை துப்பாக்கி துடைப்பது, குண்டு நிரப்புவது, நடுவில் நின்று யார் மேல் பட்டது என்று சொல்வது. என் படுக்கை, குண்டுப் பெட்டிகள் வைத்திருந்த கொட்டகையில். சமையலுக்கு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் பெரியவள். தேநீரும் பழம்பொரியும் மதியச் சோறும் அவள் பொறுப்பு. அடுப்பு வேலை முடிந்ததும் சமையல் கட்டின் படியில் உட்கார்ந்து லேஸ் பின்னுவாள். அவள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயிலில் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட வேலை. மேசை விரிப்பு, தலையணை உறை என்று பின்னிக் கொடுத்தால் தனியாகக் காசு வரும். சமையல் சம்பளம் சோற்றுக்கும் வாடகைக்கும் சரியாகப் போகும். லேஸில் வருவதுதான் கையில் நிற்பது. ஊசி போவது கண்ணுக்கே தெரியாத வேலை அது. என் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரிந்தது.

வேலை இல்லாத பகல்களில் முந்திரி மரத்தில் ஓர் எண்ணெய் டின்னைக் கட்டித் தொங்கவிட்டு, முப்பது தப்படி தள்ளி நின்று சுட்டுப் பார்ப்பேன். முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமே. அப்படிச் சுட்டுச் சுட்டுத்தான் ஒன்று தெரிந்தது. குறி என்பது பாதி கையில், பாதி குண்டில்.

பெங்களூரிலிருந்து வந்த குண்டுகள் விலை கூடியவை. பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒரே உருண்டை, ஒரே பளபளப்பு. இரண்டு பாதிகளை ஒட்டிய வரி இருக்கிறதா என்று நகத்தால் தடவித் தேட வேண்டும். துப்பாக்கிக் குழலைக் கழற்றி ஒரு குண்டை உள்ளே போட்டால், அது விழாமல் நிற்கும். வாயால் மெதுவாக ஊதினால் வெளியே வரும். அப்படி வந்தால் குழலுக்கும் குண்டுக்கும் பொருத்தம் என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன். அந்தக் குண்டை டின்னை நோக்கிச் சுட்டால் டின்னில்தான் படும். பட்ட இடத்தில் பூப்போல உடையும்.

பிறகுதான் நான் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் செய்தேன்.

சாலைக் கடைவீதியில் பொம்மையும் ஃபேன்சி சாமானும் மொத்தமாக விற்கும் ஒரு வியாபாரியை எனக்கு ஆரியசாலை நாட்களிலிருந்தே தெரியும். பொம்மைத் துப்பாக்கிச் சரக்கோடு இந்தக் குண்டுகளும் சில பெட்டிகள் அவரிடம் வந்திருந்தன. யாரும் வாங்காமல் கிடந்தன. விலை பெங்களூர் விலையில் பாதி. முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று நான் போய்ச் சொன்னேன். அவர் ஒரு பெட்டி எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். வரி நகத்தில் தட்டியது. குழலில் போட்டால் ஒன்று தானாகவே நழுவி விழுந்தது, அடுத்தது ஊதினாலும் அசையவில்லை. டின்னை நோக்கிச் சுட்டால் ஒன்று மரத்துக்கு இடப்பக்கம் போனது, ஒன்று வலப்பக்கம் போனது, ஒன்று டின்னில் பட்டுவிட்டு உடையாமல் திரும்பி என்னைப் பார்க்க வந்தது. சில குழலுக்குள்ளேயே உடைந்தன. உடைந்தால் அந்தச் சாயத்தில் வழுக்கி அடுத்த பத்துக் குண்டும் வளைந்து போகும். துணி கட்டிய கம்பியை விட்டு இழுத்துத் துடைக்க வேண்டும்.

இதையெல்லாம் முதலாளியிடம் மறைக்கவில்லை. "குறி நிக்கல சார்," என்றேன்.

அவர் யோசித்தார். சிரித்தார். "உன்னம் தெற்றட்டே. உன்னம் தெற்றினா நூறு குண்டு கூடுதல் வாங்கும். நல்ல குண்டு கொடுத்தா அம்பதில் களி முடிச்சிட்டு ஊணு கழிக்கப் போயிரும்."

குறி தவறினால் நூறு குண்டு கூடுதலாக வாங்குவார்கள், நல்ல குண்டு என்றால் ஐம்பதில் ஆட்டத்தை முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள் என்பது அவர் கணக்கு. அது உண்மையாகவே நடந்தது. மட்டக் குண்டு வந்த பிறகு ஆட்கள் கூடுதலாக வாங்கினார்கள். குறி தவறுவது தங்கள் கையின் குற்றம் என்று நினைத்து, இன்னும் ஒரு நூறு வாங்கிச் சரிசெய்யப் பார்த்தார்கள். முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கும் சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றினார். நல்ல யோசனை சொன்னவன் என்ற நினைப்போடு நான் நடந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை வந்தது. இந்த ஊர் ஈரம் எல்லாவற்றுக்குள்ளும் போகும். தீப்பெட்டி நமுக்கும், உப்பு கசியும், சட்டை காயாது. மட்டக் குண்டின் தோலும் ஈரம் குடித்து ஊதிவிட்டது. கையில் எடுத்தால் பிசுபிசுப்பு. குழலுக்குள் போகவே மறுத்தது. மூன்று பெட்டி. வாங்கச் சொன்னது நான். ஒரு நாள் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. நான் சமையல் கட்டிலிருந்து அக்காவின் பெரிய முறத்தையும் இன்னும் இரண்டு தட்டுகளையும் எடுத்துவந்து, குண்டுகளைப் பரப்பி முற்றத்தில் காயவைத்தேன். எங்கள் பக்கத்தில் நமுத்த எதையும் வெயிலில் போடுவதுதான் வழக்கம். வேறு யோசனையே வரவில்லை.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எடே, இது என்ன, வத்தல் போட்டிருக்க?"

"குண்டு நமுத்துப் போச்சுக்கா. ஒரு வெயில் காட்டினா சரியாயிரும்."

"சரியாவதுக்கு இது பப்படமா? அந்த முறத்துலதான் நான் அரிசி பொடைக்கணும் கேட்டியா. சாயம் பிடிச்சா உனக்க சட்டைய வச்சுத் தேச்சுக் கழுவுவேன்."

"தண்ணி பட்டா போற சாயம்தான்க்கா."

"உன்னைய மாதிரி. எங்கயும் ஒட்டாது."

மூன்று வெயில் காட்டினேன். குண்டின் வீக்கம் வடிந்தது. முதல் வெயிலில் தோல் இளகி, தன் கனத்திலேயே கொஞ்சம் அமுங்கி, பிறகு அப்படியே காய்ந்து இறுகிவிட்டது. ஒரு பக்கம் தட்டை. அந்தத் தட்டையில் முறத்தின் பின்னல் அச்சாகப் பதிந்திருந்தது. அதையும் பார்த்தேன். குழலுக்குள் போகிறது, போதும் என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஒரு கம்பெனிக் கூட்டம். கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மைதானத்தைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குப் பச்சை வலை கட்டியிருந்தோம். வலைக்கு வெளியே ஒரு மேசை. ஆட்டம் முடிகிற நேரம் என்பதால் அக்கா தேநீர்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். வெளியே நிற்பவர்களுக்கு முகமூடி கிடையாது. தேவைப்படும் என்று யாரும் நினைத்ததில்லை.

நான் நடுவில் நின்றிருந்தேன். ஒரு பையன் டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து எழுந்து நேர் எதிரே சுட்டான். அந்தக் குண்டை நான் பார்த்தேன். அது பாதி தூரம் நேராகப் போனது. பிறகு வலப்பக்கம் வளைந்தது. வளைந்தபடியே மேலேறி வலையைத் தாண்டியது.

அக்கா கெட்டிலைக் கீழே வைத்தாள். தேநீர் சிந்தவில்லை. அதற்குப் பிறகுதான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

சுட்ட பையன் முகமூடியைக் கழற்றிவிட்டு ஓடிவந்தான். "சேச்சி, நான் ஆ மரத்திண்டெ நேரெயா வச்சது. சத்தியமாயிட்டும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மரத்தைப் பார்த்துத்தான் சுட்டேன் அக்கா என்கிறான். அவன் சொன்னது சரி. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலாளி ஜீப்பை எடுக்க ஓடினார். நான் புல்லில் தேடினேன். குண்டு உடையாமல் கிடந்தது. ஒரு பக்கம் தட்டை, தட்டையில் முறத்தின் பின்னல். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தாள். கண்ணுக்குள் ரத்தம் இறங்கித் தேங்கியிருக்கிறது, தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுக்க வேண்டும், ரத்தம் தானாக வடிந்தால் நல்லது, மறுபடி கசிந்தால் கஷ்டம், ஐந்தாறு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்றாள். இடது கண்ணில் கட்டுப் போட்டார்கள்.

அக்காவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மார்த்தாண்டத்திலிருந்து தங்கை வந்து கூட இருந்தாள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. சாயங்காலம் பார்வை நேரத்தில் மட்டும் உள்ளே போகலாம். நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். கஞ்சி வாங்குவது, மருந்துச் சீட்டைக் கொண்டு ஓடுவது என் வேலை. தங்கை என்னை, "நீங்க யாரு?" என்று கேட்டாள். "கூட வேலை செய்யுறவன்," என்றேன். வேறென்ன சொல்ல.

இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா என்னிடம் சொன்னாள்: "எடே, கட்டு அவுக்கிற அன்னைக்கு ஒரு ஊசியும் வெள்ளை நூலும் வாங்கிட்டு வா. டாக்டரு எழுத்தக் காட்டி என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. ஊசியில நூலு கோத்தாத்தான் அது எனக்க கண்ணு. இல்லேன்னா சும்மா மூஞ்சியில இருக்குத ஒரு சாமான்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் கொட்டகைக்குப் போய் என் பையை எடுத்துக்கொண்டேன். இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு போர்வை. எனக்குப் பழகிய வேலை அது, கால் மணி நேரம்கூட ஆகாது. பஸ் பிடித்துத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். நாகர்கோவில் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏறியிருந்தால் மதியத்துக்குள் வேறொரு ஊர், வேறொரு வேலை. என்னைத் தேடி வருவதற்கு யாரிடமும் என் முகவரி இல்லை. எனக்கே முகவரி இல்லை.

படியில் காலை வைத்தபோதுதான் மறுகையில் பிளாஸ்க் இருப்பதைப் பார்த்தேன். அக்காவின் பிளாஸ்க். கொட்டகையில் கழுவி எடுத்துவந்தது. பத்து மணிக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவள் வேறெதுவும் சாப்பிடவில்லை. தங்கைக்கு இந்த ஊரில் வழி தெரியாது. பிளாஸ்க்கை யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். அப்படிக் கொடுக்க எனக்கு ஆள் யாரும் இல்லை. கண்டக்டர், "கேறுன்னோ இல்லயோ?" என்று கேட்டார். ஏறவில்லை. கஞ்சி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

அன்று பிற்பகல் பழவங்காடியில் ஒரு தள்ளுவண்டியில் ஊசியும் நூலும் வாங்கினேன். அங்கிருந்து கால் தானாகவே ஆரியசாலைக்குப் போனது. பழைய மிளகுக் கடையில் என்னோடு வேலை செய்தவன் இன்னும் அங்கேயே இருந்தான். சாக்கின் மேல் உட்கார்ந்து முறத்தைச் சரித்துப் பிடித்து மிளகு உருட்டிக்கொண்டிருந்தான்.

"வாடே, செத்துட்டேன்னுல்லா நெனச்சோம்," என்றான்.

"செத்தா சொல்லி அனுப்பியிருப்பேனே."

"நீயா? செத்தாலும் சொல்லாமத்தான் போவ."

அவன் கை நிற்கவில்லை. நல்ல உருண்டை மிளகு நேராக உருண்டு கீழே சாக்கில் விழும். காம்பும் சொத்தையும் நெளிந்ததும் பக்கவாட்டில் ஒதுங்கி முறத்திலேயே நிற்கும். நானும் ஒன்றரை வருடம் செய்த வேலை. பார்த்துக்கொண்டே இருந்தவன், பையிலிருந்து அந்தக் குண்டை எடுத்து முறத்தின் மேல்விளிம்பில் வைத்து விட்டேன். அது இரண்டு விரற்கடை நேராகப் போனது. பிறகு வலப்பக்கம் திரும்பி, மிளகைத் தள்ளிக்கொண்டு, முறத்தின் ஓரத்தில் போய் நின்றது. மறுபடி விட்டேன். மறுபடியும் அதே திருப்பம். வலையைத் தாண்டிப் போனபோது போட்ட அதே வளைவு.

"என்னடே இது, பொம்மை முட்டையா?" என்றான் அவன்.

குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எந்தக் குண்டு நேராகப் போகும், எது வளையும் என்று சுடுவதற்கு முன்பே சொல்ல எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அதற்கு வேண்டிய முறமும் என் கையில் இருந்தது. அதில் உருட்டிப் பார்க்காமல், காயவைத்தேன்.

அன்று சாயங்காலம் பார்வை நேரத்தில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். மட்டக் குண்டு வாங்கச் சொன்னது, வெயிலில் போட்டது, தட்டையைப் பார்த்தும் விட்டது, எல்லாம். சொல்லி முடித்துக் குண்டை அவள் கையில் கொடுத்தேன். அவள் தலையைத் திருப்பாமல் கட்டைவிரலால் தடவினாள்.

"இது எனக்க முறத்துக்க பின்னலுல்லா," என்றாள்.

"ஆமாக்கா."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடிப் போயிருவேன்னு நெனச்சேன்," என்றாள் அக்கா.

"போனேன்க்கா. தம்பானூர் வரைக்கும்."

"பொறவு?"

"உங்க பிளாஸ்க் கையில இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். தங்கை, "சிரிக்காண்டாம், டாக்டரு அசையக் கூடாதுன்னுல்லா சொன்னாவ. நீங்க வெளியே போங்க," என்று என்னை விரட்டினாள்.

நான் எழுந்தபோது அக்கா சொன்னாள்: "கண்ணு வந்தா இது இத்தோட போச்சு. வரலைன்னா உன்னைய விடமாட்டேன் கேட்டியா. எனக்க லேஸ் காச நீதான் தரணும், நான் சாவுறது வரைக்கும்."

"சரிக்கா," என்றேன். நியாயம்தான் என்று தோன்றியது. ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகுதான் அந்த வராந்தா பெஞ்சில் எனக்குத் தூக்கம் வந்தது.

நான்காம் நாள் முதலாளி வந்தார். மருந்துச் செலவெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். அவரிடமும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் வராந்தாவின் தூணில் சாய்ந்துகொண்டு ரோட்டையே பார்த்தார்.

"உன்னம் தெற்றட்டேன்னு பறஞ்சது நானல்லே," என்றார். குறி தவறட்டும் என்று சொன்னது நான்தானே என்கிறார். பிறகு, "ஆ மூணு பெட்டியும் குழி எடுத்து மூடு. பெங்களூருக்கு போன் விளிச்சாச்சு. வலை இன்னும் ஒரு ஆள் உயரம் கெட்டணும்," என்றார்.

அன்றே போய் மூடினேன். முந்திரி மரத்தடியில் குழி வெட்டி, மூன்று பெட்டியையும் கொட்டி, மண்ணைத் தள்ளி மிதித்தேன். காலுக்குக் கீழே மெத்தை போல இருந்தது. அடுத்த மழையில் அந்த இடத்திலிருந்து நீலமும் மஞ்சளுமாக ஒரு சின்ன ஓடை ஓடியது. அது பிறகு நடந்த கதை. பிறகு வந்த பெங்களூர்க் குண்டுகளையும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு கை அள்ளி முறத்தில் உருட்டிப் பார்த்த பிறகே துப்பாக்கியில் போடவிட்டேன். கம்பெனிப் பிள்ளைகள் அதைப் பூசை மாதிரி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆறாம் நாள் கட்டு அவிழ்த்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே டாக்டரம்மா எழுத்துப் பலகையைக் காட்டிக் கேட்பதும், அக்கா ஒவ்வொன்றாகச் சொல்வதும் கேட்டது. எனக்கு அந்தப் பலகை தெரியவில்லை, அவள் சொல்வது சரியா தவறா என்றும் தெரியவில்லை. ஓரிடத்தில் நின்று யோசித்தாள். பிறகு மறுபடி சொன்னாள். டாக்டரம்மா, ரத்தம் முழுக்க வடிந்துவிட்டது, கண் நன்றாக இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து வந்து காட்டுங்கள் என்றாள்.

தங்கை அழுதாள். அக்கா அழவில்லை. நேராக வராந்தா பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"கொண்டா ஊசிய."

கொடுத்தேன். தங்கையிடம் தன் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தச் சொன்னாள். வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி, ஊசியைத் தூக்கிப் பிடித்து நூலைக் கொண்டுபோனாள். நூல் ஊசியின் காதுக்குப் பக்கத்தில் போய் வளைந்து திரும்பியது. மறுபடி கொண்டுபோனாள். மறுபடி விலகியது. மூன்றாம் தடவை நுனி காதைத் தொட்டு மடங்கிக்கொண்டது. லேஸ் காசை வாழ்நாள் முழுக்கக் கொடுப்பது பற்றி நான் கணக்குப் போடவில்லை. அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடமாக ஒரே தடவையில் கோத்த கை.

அக்கா நூலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். நுனியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எடே, இந்த நூலு எங்க வாங்கின?"

"பழவங்காடியிலக்கா. தள்ளுவண்டியில."

"என்ன வெலை?"

சொன்னேன்.

"அதான பாத்தேன்," என்றாள். "ஆறு நாளா ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்தும் உனக்குப் புத்தி வரல்ல. இது நூலா? முறுக்கே இல்ல, நுனி மூணாப் பிரிஞ்சு நிக்கி. இதுல ஒண்ணு குட்டையா இருக்கு, அதுதான் போயி இடிக்கி."

நான் குனிந்து பார்த்தேன். எனக்கு இரண்டு நல்ல கண் இருக்கிறது. அந்த நுனியில் எனக்கு ஒரு பிரிவும் தெரியவில்லை.

"மூணு இருக்காக்கா?"

"மூணு," என்றாள். நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினாள். எச்சில் தொட்டு விரலிடையில் முறுக்கினாள். வலது கண்ணைத் தங்கை பொத்தியபடியே இருக்க, ஒரே தடவையில் கோத்தாள். மறுபக்கம் வந்த நுனியைப் பிடித்து நீளமாக இழுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

"இனிமே நீ ஒண்ணும் வாங்காண்டாம்," என்றாள்.

"சரிக்கா," என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் இடம் இருந்தும் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கால் நிற்கவில்லை. எங்கேயாவது போகலாம் என்று துடிக்கும் பழைய கால் இல்லை அது. கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கலாம் என்று இருந்தது.